முன் சீட்டுக்காரி

9

கத்தரிப்பூ நிறத்துக் குட்டித் தலையணையை புருஷன் வண்டியின் முன் சீட்டில் பார்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட சௌந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தோம். அவள் எழுந்துவிட்டாள். எழுந்தவள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

அந்தத் தலையணை அவள் தைத்தது. அவள் புருஷன் கதிர்வேல் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசா, சத்தீஸ்கர் என்று அலைந்த காலத்தில், முதுகுக்கு அணைவாக இருக்கட்டும் என்று தன் முகூர்த்தச் சேலைக்கு அடுத்த நல்ல சேலையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தது. ஊர் ஊராகப் பூமியைத் துளைத்த மனுஷர், பொங்கலுக்கும் ஆடிக்கும் விருந்தாளி மாதிரி வந்து போனார். அந்த வாழ்க்கையெல்லாம் முடிந்து குமரமங்கலத்து வீட்டோடு வந்து உட்கார்ந்தபோது, இனியாவது நம்மோடு இருப்பார் என்று அவள் நினைத்தாள்.

அவர் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினார். 'கூட வாரோம்' என்ற குழுவில் போய்ச் சேர்ந்தார்.

பிள்ளைகள் பெங்களூரு, கோவை என்று போய்விட, ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் போக ஆளில்லாமல் இருக்கிற பெரியவர்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிற குழு அது. வண்டி இருக்கிறவர்கள், நேரம் இருக்கிறவர்கள், மனசு இருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது. சேலத்தில் இருக்கிற ரிட்டையர்டு நர்ஸ் இன்பமேரிக்குப் போன் போட்டால், எந்த வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து அனுப்பி வைப்பார். கேட்டில் இறக்கிவிட்டு வந்துவிடக் கூடாது, வேலை முடிகிற வரைக்கும் கூடவே உட்கார வேண்டும். ஏற்றின வாசலிலேயே திரும்பக் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கலாம், காபி, டீகூடக் கூடாது. இதுதான் அவர்கள் வழக்கம்.

நல்ல காரியம்தான். சௌந்திரம் அதை மறுக்கவில்லை. போன ஐப்பசியில் முட்டி வீங்கி, "ஏனுங்க, டாக்டருகிட்டப் போகோணும்" என்று அவள் சொன்னபோது, "டவுன் பஸ்ஸு நம்ம ஊட்டு முன்னாலதானே நிக்குது" என்று அதே மனுஷர் சொன்னதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அதற்கு மேல், பால் சொசைட்டியில் சென்னியம்மாள் கொளுத்திப் போட்ட நெருப்பு. "புதங்கெழமையானா உங்க ஊட்டுக்காரரு வண்டியில ஒரு பொம்பளை. முன் சீட்டுல. கருப்புக் கண்ணாடியெல்லாம் போட்டுக்கிட்டுச் சும்மா சினிமாக்காரியாட்ட."

பெயர் உண்ணாமலை என்றும், திருச்செங்கோட்டுக் கூட்டப்பள்ளிக்காரி என்றும் சென்னியம்மாளே விசாரித்துச் சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் அந்தத் தலையணை கண்ணில் பட்டது.

ஓசூரில் இருக்கும் மகன் இளஞ்செழியன் பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மருமகள் யுவஸ்ரீ வேலைக்குத் திரும்ப வேண்டும், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். "வந்துருங்கம்மா. அப்பா வேணும்னாப் பின்னால வரட்டும்." சௌந்திரம் முடிவு கட்டிவிட்டாள். அந்த முன் சீட்டுக்காரியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்த கையோடு சேலத்தில் ஓசூர் பஸ் ஏறிவிட வேண்டும். அப்புறம் திரும்பி வருகிற பேச்சே கிடையாது.

செவ்வாய்க்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு, "தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க" என்றாள். கதிர்வேல் டயரில் காற்றை அழுத்திப் பார்த்தபடி, "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மைச் சுமந்துகொண்டுதான் அவள் மல்லசமுத்திரம் வந்து சேர்ந்தாள்.

தங்கை அங்கம்மாளின் போனை வாங்கி, இன்பமேரியின் எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம்ங்க. கூட வாரோம், இன்பமேரி பேசறேன்."

"மல்லசமுத்திரத்துல இருந்து அங்கம்மாள் பேசறனுங்க" என்றாள் சௌந்திரம். எதிரே நின்ற நிஜ அங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கண்ணு மங்கலா இருக்குதுங்க. சேலத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகோணும்."

"கூட வர ஊட்டுல யாரும் இல்லீங்களா?"

"இல்லீங்க." சொன்ன பிறகுதான், அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"நாளைக்குக் கதிர்வேலண்ணன் வண்டி அந்த வழியாத்தான் வருது. முன் சீட்டுல ஒருத்தங்க வருவாங்க. நீங்க பின்னாடி உக்காந்துக்குவீங்களா?"

"உக்காந்துக்கறனுங்க. எனக்கு அது பழக்கந்தான்."

மறுநாள் காலையில் சந்தன நிறச் சேலையை எடுத்துக் கட்டினாள். தலையில் கனகாம்பரம் வைத்தாள். கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி இவ்வளவு சிங்காரித்துக்கொண்டு போவாளா என்று அங்கம்மாள் கேட்டாள். போட்டி என்று வந்துவிட்டால் அரையும் குறையுமாக நிற்க முடியுமா என்று சௌந்திரம் திருப்பிக் கேட்டாள்.

ஆம்னி வந்து நின்றது. கதிர்வேல் இறங்கினார். அவளைப் பார்த்தார். அவள் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். கதவிடுக்கில் பாதி முகம் காட்டிய மச்சினியைப் பார்த்தார். அவர் வாய் திறந்த நேரத்தில் முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தம்மா வந்துட்டாங்களா தம்பி?"

திறந்த வாய் மூடிக்கொண்டது. "வந்துட்டாங்கக்கா" என்றார் கதிர்வேல். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, கையை நீட்டினார். "வாங்கம்மா. பையைக் குடுங்க. படி உசரமா இருக்கும், பாத்து ஏறுங்க."

வாங்க. குடுங்க. ஏறுங்க. கல்யாணமான நாளிலிருந்து இந்த 'ங்க' ஒரு தடவைகூட அவள் பக்கம் வந்ததில்லை. அவர் கையைப் பிடித்து ஏறும்போது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பையை அவர் வண்டியின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

முன் சீட்டுக்காரி திரும்பினாள். எழுபதை ஒட்டிய வயது. ஒடிசலான தேகம், வெளுத்த நூல் சேலை. கருப்புக் கண்ணாடி சினிமாவுக்கானதல்ல, ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. இன்னொரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, வாராவாரம் போய்க் காட்டிவிட்டு வரவேண்டியிருந்தது. அந்தக் கண்ணிலும் வெளிச்சம் தெரிந்ததே தவிர, ஆள் தெரியவில்லை.

அந்தம்மா 'தம்பி' என்றதுமே சௌந்திரத்தின் பொறாமைக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. கண்ணாடியின் காரணம் தெரிந்ததும் இன்னொரு காலும் ஆட்டம் கண்டது. இவள்மேலா இத்தனை நாளும் வயிறெரிந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் காளிப்பட்டி வருகிற வரைக்கும்தான் தாங்கியது.

ஏனென்றால் கதிர்வேல் பேசத் தொடங்கினார்.

"அக்கா, காளிப்பட்டி வந்துருச்சு. கோபுரத்துல புதுசாச் சாரம் கட்டியிருக்காங்க. நாலு பேரு மேல நிக்கறாங்க, அதுல ஒருத்தன் பீடி பத்த வெக்கறான். இந்தப் பக்கம் மரவள்ளிக் கெழங்கு லோடு ஒண்ணு சாஞ்சாப்புல போகுது. போன வாரம் சொன்னனே, அந்த ஊட்டுக்காரங்க செவுத்துக்குப் பச்சை அடிச்சிருக்காங்க. கண்ணைப் பறிக்குதக்கா."

"பச்சையா?" என்று அந்தம்மா சிரித்தாள். "நீலம் அடிப்பாங்கன்னு நானு பந்தயம் கட்டுனேன்."

சௌந்திரம் பின் சீட்டில் கல்லாய் உட்கார்ந்திருந்தாள். கண் தெரியாதவளுக்கு ரோட்டை வாயால் காட்டிக்கொண்டு போகிறார். வாராவாரம் இதுதான் நடக்கிறது போலிருக்கிறது. சௌந்திரத்திடம் இந்த வாய் என்ன பேசியிருக்கிறது? சோறு போடு. சட்டை எங்கே? ம். முப்பது வருஷம் எத்தனையோ சீமையைச் சுற்றிவிட்டு வந்த மனுஷர், அங்கே மண் என்ன நிறம் என்றுகூட அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது அவ்வளவு பெரிய குற்றமாகிவிட்டதா?

பொறாமை திரும்பவும் எழுந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை அது உண்ணாமலையின் முகத்தின்மேல் இல்லை. அவள் காதின்மேல் இருந்தது.

ஆட்டையாம்பட்டி நெருங்கும்போது கதிர்வேலின் பேச்சு குறைந்து குறைந்து நின்றேபோனது. பின்னால் இருப்பது யார் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் இருந்த வண்டிக் கண்ணாடியில் ஒரு தடவை அவளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்குத் தம்பிக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றாள் உண்ணாமலை. பிறகு பின்னால் சாய்ந்து கேட்டாள். "உங்களுக்கு ஊட்டுக்காரரு இருக்காருங்களா?"

"இருக்காருங்க."

"அவரு கூட வரலீங்களா?"

"அவருக்கு வேற சோலிங்க. ஊருக்கே ஒழைக்கிறவரு."

கியர் மாறும்போது கரகரவென்று சத்தம் கேட்டது. அத்தனை வருஷம் ரிக் ஓட்டிய கை அது.

"இருக்கறதே பெருசு சாமி" என்றாள் உண்ணாமலை. "தம்பியப் பாருங்க, பாவம். பொஞ்சாதி போய்ச் சேந்துட்டாங்க. தனியாக் கெடந்து பொங்கித் தின்னுக்கிட்டு, எங்களையெல்லாம் தூக்கிச் சொமக்குது."

சௌந்திரம் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தாள். "போய்ச் சேந்துட்டாங்களா? ஆரு சொன்னதுங்க?"

"ஆரும் சொல்லலீங்க, நானா நெனச்சுக்கிட்டதுதான். இந்த வண்டியில எத்தனையோ வாரமா வாரேன். ரிக்கப் பத்திச் சொல்லும். ஒடிசாவுல பாறையில தொளைக்கிற பிட்டு மாட்டிக்கிட்டதைச் சொல்லும். பையனைப் பத்தி, பேரனைப் பத்திச் சொல்லும். பொஞ்சாதி பேச்சு மட்டும் வாயில வந்ததே இல்ல. சரி, கேட்டாச் சங்கடப்படுமேன்னு நானும் கேக்கலீங்க."

உயிரோடு இருக்கிறவளைச் சாகடிக்க ஒருத்தர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்று சௌந்திரத்துக்குப் புரிந்தது. அழுதுவிட்டால் கதை கெட்டுவிடும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க டிரைவர், நெசமாவா?"

கதிர்வேல் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "இல்லீங்க. இருக்குது."

"அட சாமி, இருக்குதா?" என்றாள் உண்ணாமலை.

"அப்பறம் ஏனுங்க ஒரு பேச்சுகூட எடுக்கறதில்ல?" என்றாள் சௌந்திரம்.

"இருக்கறதைப் பத்தி என்னத்தைச் சொல்றதுங்க."

"இந்த வண்டியில ஒரு நாளாச்சும் ஏத்தியிருக்கீங்களா?"

"அதுக்கு இதெல்லாம் புடிக்காதுங்க."

"கேட்டீங்களா?"

எதிரே வந்த கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது.

"கேக்கலீங்க" என்றார்.

"கேக்கோணும் தம்பி" என்றாள் உண்ணாமலை மெதுவாக.

கண்ணாஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது. கதிர்வேல் இரண்டு பேருக்கும் டோக்கன் வாங்கினார். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்காத இடமாகப் பார்த்து உண்ணாமலையை உட்கார வைத்தார். அவள் செருப்பை இருக்கைக்கு அடியில் தள்ளிவைத்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பாதி திருகி, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். ஒவ்வொன்றையும் சௌந்திரம் பார்த்தாள். ஒவ்வொன்றும் தனக்கு நடக்காத ஒன்றாக மனசுக்குள் போய்ச் சேர்ந்தது.

சௌந்திரத்தை உள்ளே கூப்பிட்டபோது அவரும் கூட எழுந்து வந்தார். வழக்கம் அது. சொட்டு மருந்தோடு நின்ற சின்ன வயசு நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டு, "கூட வந்திருக்கறது யாருங்கம்மா? வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

கதிர்வேல் சௌந்திரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் 'ஆமாம்' என்று ஒரு பதில் தயாராகிக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க. வண்டிக்காரரு."

அவர் தலை குனிந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு இனித்ததென்னவோ உண்மைதான். ஆனால் நர்ஸ் அவள் இமையைத் தூக்கி மருந்தை விட்டபோது கண்ணோடு நெஞ்சும் சேர்ந்து எரிந்தது.

மருந்து ஏற ஏற உலகம் பூராவும் பாலில் விழுந்த மாதிரி வெளுத்துப்போனது. கை ரேகைகூடத் தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, மருந்து தெளிய அரைநாள் ஆகும், அதுவரைக்கும் தனியாக எங்கேயும் போக வேண்டாம் என்றார்.

கதிர்வேல் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு கையில் உண்ணாமலை, ஒரு கையில் சௌந்திரம். நாலு பேர் நடுவில் அவர் அவள் கையைப் பிடித்தது தாலி கட்டிய அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வலது கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு இடது கையா என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்.

"அக்காவுக்குச் சக்கரை இல்லாமக் கடுங்காப்பி" என்றார் கடைக்காரரிடம். பிறகு அவளிடம் கேட்டார். "உங்களுக்கு எப்படிங்க? சக்கரை போட்டா, போடாமயா?"

நடிப்பா, நிஜமாகவே தெரியாதா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது. "எப்படியோ ஒண்ணு" என்றாள்.

டீ வந்தது. வாயில் வைத்தாள். அவளுக்குப் பிடித்த மாதிரியே சர்க்கரை தூக்கலாக இருந்தது. நாலு தடவை ஆற்றிக் கொடுத்திருந்தார், அவள் சூடாகக் குடிக்க மாட்டாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தும்தான் இத்தனை காலம் ஒரு டீ போட்டுக் கொடுக்கவில்லை. தெரியாமல் இருந்திருந்தாலாவது மன்னித்துத் தொலைத்திருக்கலாம்.

அந்தக் கோபத்திலேயே அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "ஏனுங்க, என்னையப் புது பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டுருங்க."

"எங்கீங்க பயணம்?"

"ஓசூருக்கு. பையன் ஊட்டுக்குங்க."

"எப்பத் திரும்பி வருவீங்க?" அவர் குரலில் இருந்த விளையாட்டு, இருந்தது என்றால், அந்த இடத்தோடு போய்விட்டது.

"வரமாட்டனுங்க."

பெஞ்சின் மறுமுனையில் உண்ணாமலை டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு அசையாமல் இருந்தாள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. சௌந்திரம் காத்திருந்தாள். போகாதே என்று ஒரே ஒரு வார்த்தை, ஒரு அதட்டலாகவாவது வந்தால்கூடப் போதும் என்று இருந்தது.

"கண்ணுல மருந்து உட்டிருக்குதுங்க" என்றார் கதிர்வேல் கடைசியாக. "ஏத்துன வாசல்லயே கொண்டுபோயி எறக்கோணும். நடுவுல எறக்கி உட எங்களுக்கு வழக்கமில்லீங்க."

"வழக்கத்துக்காகத்தானுங்களா?"

"வழக்கமுங்க" என்றார். அவ்வளவுதான் வந்தது.

திரும்பி வரும்போது அவர் கோபுரத்தையும் சொல்லவில்லை, பச்சைச் சுவரையும் சொல்லவில்லை. உண்ணாமலையும் கேட்கவில்லை. வெள்ளைவெளேர் என்ற வெளிச்சத்துக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சௌந்திரத்துக்கு, இன்றைக்காவது யாராவது ரோட்டைச் சொன்னால் தேவலை என்று இருந்தது. கேட்க நாக்கு வரவில்லை.

மல்லசமுத்திரத்தில் வண்டி நின்றது. கதிர்வேல் கையைப் பிடித்து அவளை இறக்கி, வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அங்கம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். "மாமா" என்று வந்த வார்த்தையைப் பாதியில் கடித்து விழுங்கினாள். அவர் தண்ணீரைக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாரனுங்க" என்றார்.

வண்டி கிளம்பியது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மனசுக்குத் தெரிந்தது: முன் சீட்டில் உண்ணாமலை, அவள் முதுகுக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறத் தலையணை, பக்கத்தில் அவர். கடைசியில் இறங்கிக்கொண்டது தான்தான் என்று சௌந்திரம் நினைத்தாள். அவளுக்கு எங்கேயாவது முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"அக்கா" என்றாள் அங்கம்மாள். "உம் பை எங்க?"

சௌந்திரம் சுற்றும் முற்றும் பார்த்தாள். மங்கலான வாசலில் பை இல்லை. படியில் இல்லை. அது வண்டியின் பின்பக்கத்திலேயே போய்விட்டது. ஓசூருக்கு எடுத்துவைத்த சேலைகள், பேரனுக்குத் தைத்த சட்டைகள், அவளுடைய மாத்திரைகள் எல்லாமே அதில்தான்.

"மாமா மறந்துட்டாராட்ட இருக்குது."

"மறக்கறதா?" என்றாள் சௌந்திரம். "அந்தப் பொம்பளையோட செருப்பைக்கூடச் சோடி பாத்துத் தள்ளி வெச்ச மனுசன் அது."

அவள் அப்படிச் சொல்லி வாயை மூடுவதற்குள் அங்கம்மாளின் போன் அடித்தது, சௌந்திரமே எடுத்தாள். இன்பமேரி. ஒவ்வொரு பயணமும் முடிந்த பிறகு, போய் வந்தவரைக் கூப்பிட்டு விசாரிப்பது அவருடைய வழக்கம்.

"அங்கம்மாளுங்களா? பத்திரமா வந்துட்டீங்களா? வண்டி நேரத்துக்கு வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"கையைப் புடிச்சு ஏத்தி எறக்குனாருங்களா?"

"புடிச்சாருங்க."

"மரியாதையாப் பேசுனாருங்களா?"

"பேசுனாருங்க. அப்படிப் பேசத் தெரியும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

இன்பமேரி சிரித்தார். "கொண்டுபோன சாமானெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாருங்களா? வண்டியில ஏதாச்சும் உட்டுப்போயிருந்தாச் சொல்லுங்க. இப்பவே கூப்பிட்டுத் திருப்பிவரச் சொல்றேன்."

சௌந்திரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் போதும். வண்டி இன்னும் ஊரைத் தாண்டியிருக்காது. பை கைக்கு வந்துவிடும், கண் தெளிந்ததும் ஓசூர் பஸ் பிடித்துவிடலாம். இளஞ்செழியன் ஸ்டாண்டில் வந்து நிற்பான். குழந்தை, யுவஸ்ரீ, ஜன்னல் வைத்த தனி அறை எல்லாம் அங்கே காத்திருக்கிறது. இங்கே காத்திருப்பது ஒரு 'ம்'.

ஆனால் தான் போய்விட்டால் காளிப்பட்டிக் கோபுரமும், பீடி பற்றவைக்கிறவனும், பச்சைச் சுவரும் வாராவாரம் யார் காதுக்குப் போகும்? அந்த வாயில் இத்தனை பேச்சு இருக்கிறதென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அதை அப்படியே அந்தம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போக, சௌந்திரம் அவ்வளவு நல்லவள் இல்லை.

"குடுத்துட்டாருங்க" என்றாள். அங்கம்மாள் வாயைப் பிளந்தாள்.

"சந்தோசம்ங்க. அவரைப் பத்தி வேற ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

"நல்ல மனுசருங்க" என்றாள் சௌந்திரம். "மத்தவங்களுக்கு."

"ஆமாங்க, மத்தவங்களுக்குன்னா உசுரையே குடுப்பாரு" என்று இன்பமேரி மனசாரச் சொன்னார்.

"வார புதங்கெழமைக்கும் எனக்கு ஒரு எடம் போட்டு வெய்ங்க. முன் சீட்டு."

"ஐயோ, அது உண்ணாமலையம்மாவுக்குங்களே. பின்னாடி உக்காந்தா அவங்களுக்குத் தலை சுத்தும்."

சௌந்திரம் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். மனசு வரவில்லைதான். "சரி, பின் சீட்டே இருக்கட்டும். ஆனா ஏத்திக்கற வாசலை மாத்தோணுங்க. மல்லசமுத்திரம் வேண்டாம். குமரமங்கலம்."

"குமரமங்கலத்துல எந்த ஊடுங்க?"

"அந்த வண்டி ராத்திரியில நிக்கற ஊடுங்க."

"பேரையும் மாத்திக்குங்க" என்றாள் அவள். "சௌந்திரம். உசுரோட இருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லிப்போடுங்க."